வலை நூலில் இரண்டு முடிச்சு

ராயபுரம்
16-9-1945

அன்புள்ள தங்கை தேவகிருபைக்கு அண்ணன் வேதமாணிக்கம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் மதினியும் சுகம். மதினிக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாப்பிள்ளை ராசையாவும் குழந்தை நீலாவும் நீயும் சுகமா? யுத்தத்துக்காகச் சன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதத்தை இந்த வாரம்தான் சுரண்டி எடுத்தேன். மூன்றரை வருஷம் கழித்து வீட்டுக்குள் வந்த வெயில் முதல் வேலையாக மூலையிலிருந்த ஒட்டடையைக் காட்டிக்கொடுத்தது. மதினி என்னைக் கோபித்துக்கொண்டாள்.

உனக்குப் பதினோரு வயது இருக்கும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அண்ணே, குடையை நான் உனக்குத் தந்தாலும் இரவல்தான், நீ எனக்குத் தந்தாலும் இரவல்தான். வெள்ளைக்காரனுக்கு மட்டும் எதுக்கு லெண்ட், பாரோன்னு ரெண்டு வார்த்தை?" அன்று எனக்கு எங்கோ போகிற அவசரம். "மனப்பாடம் பண்ணு, போ" என்று சொல்லிவிட்டேன். ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. இப்போதுதான் பதில் சொல்ல நேரம் கிடைத்திருக்கிறது.

ஞாபகப்படுத்தியவர் கலீலுல்லா சாயபு. துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறார். சாயங்காலத்தில் தன் ஆபீஸ் கடிதங்களை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போவார். பக்கத்துக் கிடங்கில் இரண்டு தார்ப்பாய் இரவல் கேட்டு எழுதும்போது, லெண்ட் போட வேண்டிய இடத்தில் பாரோ போட்டுவிட்டார். துரை சிரித்தாராம். மனிதருக்கு ரோஷம். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன்.

பொருள் ஒன்றுதான், பார்க்கிற இடம்தான் வேறு. கொடுக்கிறவர் பக்கம் நின்று சொன்னால் லெண்ட். வாங்குகிறவர் பக்கம் நின்று சொன்னால் பாரோ. லெண்ட் என்றதும் யாருக்கு என்று பக்கத்திலேயே ஓர் ஆள் வந்து நிற்பார். பாரோ அப்படியில்லை. "நான் ஒரு குடை பாரோ செய்தேன்" என்று சொன்னாலே வாக்கியம் முடிந்துவிடும். யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டுமானால் ஃப்ரம் என்று சேர்த்து அந்த ஆளின் பெயரைப் போட வேண்டும். ஃப்ரம் போடாவிட்டால் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் கேட்பவர் மனத்தில், குடை யாருடையது என்று ஒரு கேள்வி நிற்கும்.

கன்னியம்மா நேற்று வந்திருந்தாள். நீங்கள் இங்கே கடை வைத்திருந்த காலத்தில் உனக்கு மீன் கொண்டுவந்தவள். நாற்பத்திரண்டு ஏப்ரலில், ஜப்பான்காரன் வருகிறான் என்று பட்டணமே காலியானபோது, நாசரேத்துக்கு ரயிலேறிய உங்களைத் தேடி எழும்பூர் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து நாலு வயது நீலாவை உன் மடியில் வைத்தாளே, அது என் கண்ணில் அப்படியே நிற்கிறது. "கிருபாம்மா, கொஞ்ச நாளு வச்சிக்கோ. அப்பால நான் வாங்கிக்கறேன்" என்றாள். புருஷனும் இரண்டு பையன்களும் கடலை விட்டு வர முடியாது. அவர்களை விட்டு அவளும் வர முடியாது.

நேற்று கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள்: "வாத்தியாரே, சண்ட முட்ஞ்சி பூச்சாமே. குண்டு போடறவன் கப்பலேறிப் பூட்டான்னு டீக்கட மாமு சொல்றான். அப்பால எம் பொண்ணு இன்னாத்துக்கு அங்க கீது?"

அவள் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். என் பங்குக்கு ஒன்றும் சேர்க்கவில்லை.

எல்லாருக்கும் எங்கள் அன்பு.

உன் அண்ணன்
வேதமாணிக்கம்


நாசரேத்
9-10-1945

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை தேவகிருபை எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் மூவரும் சுகம். மதினியின் முழங்காலுக்கு வேப்பெண்ணெயைச் சூடு செய்து தடவச் சொல்லவும்.

பதில் தாமதமாகிவிட்டது. மழை பிடித்துக்கொண்டது. மண்டியில் கருப்பட்டி இளகாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் மாப்பிள்ளை அவர்களுக்குப் பெரிய வேலையாக இருக்கிறது. நீலா மூன்றாம் வகுப்பில் முதல் ஆளாக வந்திருக்கிறாள். பாட்டில்தான் கொஞ்சம் சுருதி சேராது. பாட்டு டீச்சர் வாயை மட்டும் அசைக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அது பொய்யில்லியா அம்மை?" என்று என்னிடம் கேட்கிறாள்.

குடை உதாரணம் புரிந்தது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பக்கத்து வீட்டில் உறைமோர் இரவல் வாங்குகிறேன். என் பாலில் ஊற்றுகிறேன். காலையில் தயிராகிவிடுகிறது. மறுநாள் ஒரு கரண்டி திருப்பிக் கொடுக்கிறேன். அது அவள் தந்த மோரா? அவள் மோர் என் பாலோடு சேர்ந்து வேறாகிவிட்டதே, அதைப் பிரித்துக் கொடுக்க முடியுமா? இதற்கும் பாரோ என்றுதான் சொல்வார்களா?

கன்னியம்மாவிடம், குழந்தைக்கு உடம்பு இன்னும் தேறவில்லை என்று சொல்லவும். சிறு உடம்பு. அவ்வளவு தூரம் ரயிலில் வர முடியாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.

இப்படிக்கு
தேவகிருபை


ராயபுரம்
15-10-1945

அன்புள்ள தங்கைக்கு ஆசீர்வாதம். வேப்பெண்ணெய் வேலை செய்கிறது. ஆனால் வீடு முழுக்க வாடை. மதினி நடக்கிறாள், நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். மூவரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம்.

உன் உறைமோர்க் கேள்விக்கு இரண்டு நாள் யோசித்தேன். ஆமாம், அதற்கும் பாரோதான். சர்க்கரை, அரிசி, மோர் எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். அதே மணிகளைத் திருப்பித் தர வேண்டியதில்லை, அதே அளவு தந்தால் போதும். ஆனால் நீ மோரைப் பற்றித்தான் கேட்டாயா என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாததற்குப் பதில் எழுதுவது வாத்தியாருக்கு அழகில்லை, விட்டுவிடுகிறேன்.

உடம்பு தேறவில்லை என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போனவள் மறுநாள் காலையில் ஒரு வலை நூலைக் கொண்டுவந்தாள். இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். இதில் ஒரு நுனியிலிருந்து பார்த்தால் நடுவே ஒரு முடிச்சு இருக்கும். ரயிலேறிய அன்று காலையில் நீலாவைக் குடிசை வாசலில் நிற்கவைத்துக் காலிலிருந்து உச்சி வரை அளந்து போட்ட முடிச்சு அது. இத்தனை வருஷமும் அம்மன் படத்துப் பக்கத்தில் ஆணியில் தொங்கியதாம்.

"நூலில் ஏனம்மா அளந்தாய்?" என்று கேட்டேன்.

"இன்னா வாத்தியாரே இப்டி கேட்டுட்ட? கடலு எத்தினி ஆழமின்னே கவுத்த வுட்டு அளக்கறவங்கோ நாங்கோ. பெத்த புள்ளய அளக்க மாட்டமா? இப்போ எத்தினி ஒசரம் கீறான்னு கிருபாம்மாவ இன்னொரு முடிச்சு போட்டு அனுப்பச் சொல்லு. அத்த பாத்துகினு ஒரு வருசம் என்ன, ஒன்ற வருசம்கூட இருப்பேன்."

இன்னொரு விஷயம். என்றைக்கு வந்தாலும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வேண்டும். அதற்கு இப்போதே சொல்லி வைத்தால் நல்லது.

அன்புடன்
அண்ணன்


நாசரேத்
2-12-1945

அன்புள்ள அண்ணனுக்கு. இங்கு அனைவரும் சுகம். அங்கும் சுகமென்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வேலைகள் இருப்பதால் அதிகம் எழுத முடியவில்லை.

நூலை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

தேவகிருபை


ராயபுரம்
9-12-1945

அன்புள்ள தங்கைக்கு. சுகம், சுகமறிய ஆவல். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து நிதானமாகப் படி.

நூல் வந்தது. கன்னியம்மா கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நூலை வாங்கி, பழைய முடிச்சைக் கட்டைவிரலால் பிடித்து, மேலே தடவிக்கொண்டே போனாள். இரண்டு விரற்கடை தூரத்திலேயே உன் முடிச்சு வந்துவிட்டது. அவள் விரல் நின்றது. மறுபடியும் கீழிருந்து தடவினாள். மூன்றாவது தடவையும் தடவினாள்.

"வாத்தியாரே, எம் பொண்ணு வளர்லியே" என்றாள். "மூணு வருசம் மேல ஆவுது, ரெண்டு வெரலுதான் வளந்துகீறா. இன்னா நோவு அவளுக்கு? மெய்ய சொல்லு. சோறு துன்றாளா? எந்திரிச்சி நடக்கறாளா?"

நல்லாத்தான் இருக்கிறாள், வகுப்பில் முதல் ஆள் என்று சொன்னேன். "படிக்கறது வாயிதான வாத்தியாரே, வளர்றது ஒடம்பில்ல?" என்று என்னையே பார்த்தாள்.

அன்றிலிருந்து அவள் மீன் விற்கப் போகவில்லை. திருவொற்றியூர்க் கோயிலுக்கு வெறுங்காலில் நடந்து போய் வேண்டிக்கொண்டு வந்தாள். நேற்று அவள் புருஷன் மாரியப்பன் வந்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். "அவ தூங்கறதில்ல சார். ஒரே பேஜாரா கீது. பெரிய வலைய வித்துட்டு ரெண்டு பேரும் ரயில் ஏறலாம்னு கீறோம். ஊரு பேரு காயிதத்துல எழ்தி குடு" என்றான். அந்த வலை போனால் அவர்கள் நாலு பேரும் எதை வைத்துப் பிழைப்பார்கள்? ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

தங்கச்சி, முப்பத்தோரு வருஷம் குழந்தைகளை வரிசையில் நிற்கவைத்தவன் நான். நாலு வயதுப் பிள்ளை எட்டு வயதை எட்டுவதற்குள் எவ்வளவு வளரும் என்று எனக்குக் கண்ணளவாகவே தெரியும். நீ அளந்தபோது வெளிச்சம் போதாமல் இருந்திருக்கும். குழந்தை சரியாக நிற்காமல் இருந்திருக்கும். நூல் சுருண்டிருக்கவும் கூடும். இப்படி எத்தனையோ காரணம் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் நான் கேட்க மாட்டேன். இன்னொரு தடவை அளந்து அனுப்பு.

உன்மேல் மாறாத அன்புள்ள
அண்ணன்


நாசரேத்
14-12-1945

மச்சான் அவர்களுக்கு ராசையாவின் ஸ்தோத்திரம். நலம். நலமறிய அவா.

தங்கள் கடிதம் வந்த நாள் முதல் கிருபை சரியாகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. நீலாவுக்கு ஒரு நோவும் கிடையாது. நேற்று கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மாட்டேன் என்று அடம். நானே ஏறி இறக்கினேன், எனக்குத்தான் இடுப்புப் பிடித்துக்கொண்டது. மீன்காரம்மாவிடம் வலையை விற்க வேண்டாம் என்று உடனே போய்ச் சொல்லவும். மீதியைக் கிருபையே எழுதுவாளாம். நான் எழுதக்கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆகையால் கார்டில் முடிக்கிறேன்.

இப்படிக்கு
ராசையா


நாசரேத்
27-12-1945

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும் தேவகிருபை எழுதுவது. உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. எங்கள் வீட்டில் இந்த வருஷம் பண்டிகை எப்படிப் போனது என்று பிறகு சொல்கிறேன்.

அன்று வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது, அண்ணே. குழந்தையும் நேராகத்தான் நின்றாள். நடை வாசல் நிலையோடு சேர்த்து நிறுத்தி அளந்தேன். "எதுக்கு அம்மை அளக்கிய?" என்று கேட்டாள். பாவாடை தைக்க என்று சொன்னேன். பழைய முடிச்சுக்கு மேல் ஒரு சாணும் இரண்டு விரலும் இருந்தது. அந்த இடத்தில் முடிச்சுப் போட்டேன். கவரில் வைக்கும்போது அதை அவிழ்த்துக் கீழே இறக்கிப் போட்டேன். என் கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

சின்னப் பிள்ளையாகவே இருக்கிறாள் என்று நினைத்தால் இன்னும் ஒரு வருஷம் கேட்காமல் இருப்பாள், அதற்கடுத்த வருஷத்தை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஒரு தாய் என்னவெல்லாம் பார்ப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். எட்டு வருஷம் குழந்தையில்லாமல் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. நீலாவுக்கு அம்மை போட்டிருந்த பத்து நாளும் நானும் இப்படித்தான் அவள் கையையும் காலையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாற்றுச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதற்கும் நான் பதில் எழுதவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது தகப்பனார் பெயர் என்று கேட்டார்கள். ராசையா என்று சொல்லிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளைக்கே இது போன வாரம்தான் தெரியும். ஃப்ரம் போடாமல் வாக்கியத்தை முடித்துவிட்டேன். நீங்கள் முதல் கடிதத்திலேயே அதைத் தொட்டபோது, உங்களுக்குத் தெரிந்துதான் எழுதுகிறீர்களோ என்று எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. பெயரையும் மாற்றவில்லை. அந்த மட்டில் கன்னியம்மாவிடம் நான் தலைநிமிர்ந்து சொல்லலாம்.

கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்குப் போய் வந்து சாப்பிட்ட பிறகு நீலாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை. "மீன்கூடை வச்சிக்கிட்டு, கையில கறுப்புக் கயிறு கட்டியிருக்குமே, அந்த அம்மாவா?" என்று கேட்டாள்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா நீங்க அழுவியளேன்னுதான் கேக்கல" என்றாள்.

உண்மையான அளவில் முடிச்சுப் போட்டு வேறு நூல் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கன்னியம்மாவுக்கு ஒரு வார்த்தை விடாமல் வாசித்துக் காட்டுங்கள். அவள் எப்போது சொல்கிறாளோ அப்போது கொண்டுவந்து விடுகிறேன்.

தேவகிருபை


ராயபுரம்
3-1-1946

என் அன்புத் தங்கைக்குப் புது வருஷ ஆசீர்வாதம். மாப்பிள்ளையின் இடுப்பு எப்படி இருக்கிறது? மதினி வேப்பெண்ணெயைச் சிபாரிசு செய்கிறாள்.

நீ சொன்னபடி ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். கன்னியம்மா தரையில் உட்கார்ந்து கேட்டாள். மாரியப்பன் வாசற்படியில் நின்றான். பண்டிகைக்கு முன்பே மாப்பிள்ளை கார்டு வந்துவிட்டதால் வலை பிழைத்தது. அவளும் அன்றிலிருந்து கொஞ்சம் சாப்பிட்டாள்.

நான் வாசித்து முடித்ததும் அவள் புது நூலை என் கையிலிருந்து பிடுங்கினாள். எழுந்து நின்றாள். நூலின் நுனியைத் தன் காலடியில் பெருவிரலால் மிதித்துக்கொண்டு, மறு கையால் மேலே இழுத்தாள். உன் முடிச்சு அவள் மார்பு வரைக்கும் வந்தது. அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"யோவ், இங்க பார்யா. இம்மாம் ஒசரம் கீறா!"

சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணீர் கொட்டியது. உன்மேல் கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. "அந்த கிருபாம்மாவுக்கு இன்னா நெஞ்சழுத்தம் பாத்தியா? வரட்டும். நாலு வார்த்த கேக்காம வுட மாட்டேன். கேட்டுட்டு அப்பால சோறு போடறேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்துப் பெயர் விஷயத்தை நான்தான் தயங்கித் தயங்கி மறுபடியும் எடுத்தேன். மாரியப்பன் சொன்னான்: "பேர மாத்தி எழ்திக்கினா எம் பொண்ணு இல்லன்னு பூடுவாளா சார்? அவ மூஞ்சில எம் மூக்குதான கீது. அத்த யாரு மாத்தி எழ்த முடியும்?" அதற்குக் கன்னியம்மா, "அந்த ஒண்ணுதான் அவளுக்குப் புட்ச்ச சனியன்" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். மதினி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

போகும்போது என்னிடம் ஒன்று கேட்டாள்: "பரிச்ச எப்போ வாத்தியாரே?" ஏப்ரலில் என்றேன். "அப்போ பரிச்ச முடியட்டும். பாதியில இட்டாந்தா அவ படிச்சதெல்லாம் வீணாப் பூடும். இத்தினி நாள் இருந்துட்டேன். இப்பத்தான் ஒசரம் தெரிஞ்சி போச்சே" என்றாள்.

பதிவேட்டைத் திருத்த ஒரு மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மாப்பிள்ளையும் நீயும் கையெழுத்துப் போட்டுத் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். மாரியப்பன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

அண்ணன்


நாசரேத்
23-4-1946

அன்புள்ள அண்ணனுக்கு. சுகம். பரீட்சை முடிந்துவிட்டது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. பெயர் சரியாக இருக்கிறது. மே மூன்றாம் தேதி காலையில் எழும்பூர் வருகிறோம். அவர்கள் மண்டியை விட்டு வர முடியாதாம். முடியாதா, மனமில்லையா என்று நான் கேட்கவில்லை. இரண்டு நாளாக நீலாவின் பெட்டியை அவர்களே அடுக்கி அடுக்கிக் கலைக்கிறார்கள்.

கன்னியம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லவும்.

தேவகிருபை


நாசரேத்
3-6-1946

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும். நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உடனே எழுதாததற்கு மன்னிக்கவும்.

ஸ்டேஷனில் கன்னியம்மா என்னை என்ன கேட்கப்போகிறாளோ என்று திருச்சியிலிருந்தே நினைத்துக்கொண்டு வந்தேன். அவள் நீலாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா கிருபாம்மா, இப்டி எளச்சிப் பூட்ட?" என்றாள். அந்த நாலு வார்த்தைக்காகத் தயாராகப் போனவள் நான். இதற்குத் தயாராக இல்லை.

நடை வாசல் நிலையில், வருஷா வருஷம் நீலாவை நிற்கவைத்து நான் பென்சிலால் போட்ட கோடுகள் இருக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் அதன்மேல் பூசப் போனான். உங்கள் மாப்பிள்ளை போட்ட சத்தத்தில் அவன் வாளியைக் கீழே போட்டுவிட்டான்.

உங்கள் பாடம் எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது, அண்ணே. பாரோ என்ற சொல்லுக்கு இனி இந்த வீட்டில் வேலை இல்லை.

நீலா எப்படி இருக்கிறாள்? உள்ளதை மட்டும் எழுதுங்கள்.

தேவகிருபை


ராயபுரம்
16-6-1946

அன்புள்ள தங்கை தேவகிருபைக்கு அண்ணன் எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அதை முதலில் எழுது.

உள்ளதை எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நீ போன பிறகு மூன்று நாள் நீலா யாரோடும் சேரவில்லை. "எங்க அம்மைகிட்ட போணும்" என்று கட்டுமரத்து நிழலில் போய் உட்கார்ந்துகொண்டாள். கன்னியம்மா அவளைக் கூப்பிடவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலையைச் சீர் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் நீலா, "இந்த முடிச்ச எப்படிப் போடணும்?" என்று கேட்டாளாம். கன்னியம்மா அதை எனக்கு ஒன்பது தடவை சொல்லிவிட்டாள்.

அண்ணன்மார் இரண்டு பேரும் அவள் பேச்சைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அங்கன வச்சிருக்கேன்" என்று அவள் சொன்னால், "இன்னாமே, இன்னா பாஷ இது?" என்பார்கள். கன்னியம்மா ஒருநாள் துடுப்பை எடுத்துக்கொண்டு துரத்தினாள். "சிரிக்காதிங்கடா. அது கிருபாம்மா பாஷ. வூட்ல ஒருத்தியாச்சும் ரெண்டு பாஷ பேசறாளேன்னு பெரும்ப படுங்கடா!" இப்போது பெரியவனே "அங்கன" என்கிறான். கலீலுல்லா சாயபு மூலமாக ஒரு ஸ்லேட்டு வந்திருக்கிறது. நாளை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள், நான்தான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் உறைமோர் விஷயத்தில் நான் ஒரு பிழை செய்தேன். அதே அளவு திருப்பித் தந்தால் போதும் என்று எழுதினேன். கன்னியம்மாவிடம் அந்த உதாரணத்தைச் சொன்னபோது அவள், "வாத்தியாரே, நான் குத்தது ஒரு கரண்டி. அவ சட்டியோட தயிரு குடுத்துகீறா. அத்த அவளாண்ட சொல்லு" என்றாள். சொல்லிவிட்டேன்.

நேற்று அவள் மறுபடியும் வந்தாள். கையில் அந்தப் பழைய நூல் இருந்தது. உன் தப்பு முடிச்சை அவிழ்த்துப் புது நூலின் அளவுக்கு ஏற்றிப் போட்டிருந்தாள். இரண்டு முடிச்சோடு, மேலே இன்னும் ஒரு முழம் வெறும் நூல். "உங்க பெரிய நாளு டிசம்பர்ல தான வாத்தியாரே வரும்? இஸ்கூல்ல பத்து நாள் லீவு வுடுவாங்கன்னு இவ சொல்றா. கிருபாம்மாவ வந்து இட்டுகினு போவச் சொல்லு. அந்த நெலவாசல்ல நிக்க வச்சி மூணாவது முடிச்ச அவளே போடட்டும். பத்து நாளு கழிச்சி நான் ரயிலடில நிப்பேன்."

"இந்த முடிச்சைச் சரியாகப் போடுவாளா?" என்று நான் வேண்டுமென்றே கேட்டேன்.

"போடுவா. ஒருவாட்டி தப்பா போட்டவளுக்குத்தான் கை நல்லா தெரியும்" என்றாள்.

நூல் இந்தக் கவரில் இருக்கிறது. பாரோ என்ற சொல்லுக்கு உன் வீட்டில் வேலை இல்லை என்று எழுதியிருந்தாய். அதனால் முப்பது வருஷத்துக்கு முன் தராத வீட்டுப்பாடத்தை இப்போது தருகிறேன். மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

ஒரு தாளை எடுத்து, டிசம்பரில் வரும் அந்தப் பத்து நாளைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுது: ஒன்று கன்னியம்மாவை எழுவாயாக வைத்து, லெண்ட் வரும்படி, மற்றது உன்னை எழுவாயாக வைத்து, பாரோ வரும்படி. இரண்டாவதில் ஃப்ரம் போட்டு அவள் பெயரையும் எழுது.

அண்ணன்
வேதமாணிக்கம்